கியர் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

எஞ்சின் சுற்றும் வேகத்துக்கும் சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் இடையே ஒவ்வொரு கியரிலும் ஒரு நிலையான விகிதம் உண்டு. நான்காவது கியரில் 2,000 சுற்றுக்கு 50 கி.மீ. வேகம் தரும் கார், பத்து ஆண்டு கழித்தும் அதே சுற்றுக்கு அதே வேகத்தைத்தான் தர வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் ஆர்பிஎம் முள் 2,800-க்குத் தாவுகிறது, வேகமானி மட்டும் 50-ஐ விட்டு நகரவில்லை என்றால், எஞ்சின் தரும் ஆற்றல் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே எங்கோ வீணாகிறது. மெக்கானிக்குகள் 'ஸ்லிப் ஆகிறது' என்று சொல்வது இதைத்தான்.

இந்தக் கோளாறு வந்தவுடன் கார் வைத்திருப்பவரின் மனம் பெரிய செலவுக்குத் தயாராகிவிடுகிறது. கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறார். ஆனால், வழுக்கலுக்கான காரணங்களில் சில ஒரு நட்டைத் திருகுவதோடு முடிபவை. சில ஒரு லிட்டர் ஆயிலோடு முடிபவை. மீதிதான் கியர் பாக்ஸைக் கழற்றும் வேலை. எந்த வண்டிக்கு எது என்று பிரித்தறியும் வேலையில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். அதற்குத் தேவையானவை ஒரு ஸ்கேல், இரண்டு ஸ்பேனர், ஒரு வெள்ளைக் காகிதம், கொஞ்சம் பொறுமை. சோதனைகளை மலிவானதில் தொடங்கிச் செலவு மிகுந்ததற்குப் போவது என்ற வரிசையை மட்டும் மீறக் கூடாது.

வழுக்குவது எது?

பற்களால் பிணைந்த கியர்கள் வழுக்குவதில்லை. அவை உடையும், அல்லது பிணைப்பிலிருந்து விலகும். வழுக்க முடிந்தவை உராய்வால் பிடித்துக்கொள்ளும் பாகங்கள் மட்டுமே. மேனுவல் காரில் அது கிளட்ச் பிளேட். ஆட்டோமேட்டிக் காரில் கியர் பாக்ஸுக்கு உள்ளேயே அடுக்கடுக்காக இருக்கும் சிறு கிளட்ச் தட்டுகளும், சில பழைய வடிவமைப்புகளில் டிரம்மைச் சுற்றி இறுக்கும் பேண்டுகளும். சிவிடி வகையில் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் எஃகு பெல்ட்.

இரண்டு பரப்புகள் உராய்வால் பிடித்துக்கொள்ள, அவற்றை அழுத்தும் விசை வேண்டும்; பரப்பில் பிடிமானம் வேண்டும்; தேய்ந்து போகாத தடிமனும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழுக்கல் வரும். அழுத்தம் குறைந்திருந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்தே சரிசெய்யலாம். பிடிமானம் போயிருந்தால் அதற்கான காரணம் எண்ணெயா, சூடா என்று தேட வேண்டும். தடிமன் தேய்ந்திருந்தால் பாகத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கோளாறு கண்டறிவது என்பதே இந்த மூன்றில் எது என்று முடிவுசெய்வதுதான்.

வழுக்கல் போலத் தோன்றுபவை

வேறு சில கோளாறுகளும் இதே பெயரில் ஒர்க்‌ஷாப்புக்கு வருகின்றன. அவற்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும்.

ஓடும்போது கியர் லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டால் அது வழுக்கல் அன்று. கியர் கழன்று விழுகிறது. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருப்பதோ, லிவரிலிருந்து போகும் கேபிள் சரியாக அமைக்கப்படாததோ, உள்ளே பிணைப்புப் பற்கள் தேய்ந்ததோ காரணமாக இருக்கும். கியர் போடும்போது 'கரகர'வென்று சத்தம் வந்தால் அது வழுக்கலுக்கு நேர் எதிரான நோய்: கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் வேகம் ஏறவில்லை, ஆர்பிஎம் முள்ளும் ஏறவில்லை என்றால் கியர் பாக்ஸைக் குறை சொல்ல முடியாது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், மற்றவற்றைவிட அதிகமாகச் சுடும் சக்கரம் பிரேக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

சிவிடி கார்களில் இன்னொரு குழப்பம் உண்டு. அவற்றுக்கு நிலையான கியர்களே கிடையாது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் முதலில் உயர்ந்த சுற்றுக்குப் போய் நிற்கும். வேகம் பின்னால் ஏறிவரும். அது அந்த இயந்திரத்தின் இயல்பு. முதன்முறையாக சிவிடி வாங்கியவர்கள் இதை வழுக்கல் என்று எண்ணிப் பதறத் தேவையில்லை.

மேனுவல் காரில் சோதனை

நம் சாலைகளில் இன்றும் மேனுவல் கார்களே அதிகம் என்பதால், வழுக்கல் என்ற புகாரில் பெரும்பகுதி கிளட்ச் பற்றியதுதான். சமதளத்தில் மெதுவாக ஓட்டும்போது இந்தக் கோளாறு வெளியே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஐந்து பேரும் மூட்டைகளுமாக மேம்பாலம் ஏறும்போதோ முகத்தைக் காட்டும். எஞ்சின் உறுமும், வண்டி இழுக்காது, உள்ளே கருகிய வாடை வரும். எரிபொருளும் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவாகும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, வெறிச்சோடிய ஏற்றச் சாலையில் நான்காவது கியரில் 40 அல்லது 50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்துவது. எஞ்சின் சுற்றும் வண்டியின் வேகமும் சேர்ந்தே ஏறினால் கிளட்ச் நலம். சுற்று மட்டும் தாவினால் வழுக்குகிறது. கிளட்ச் எப்போதும் உயர்ந்த கியரில்தான் முதலில் வழுக்கும். அங்கேதான் அதன் மீது சுமை அதிகம்.

இரண்டாவது சோதனையை நின்ற இடத்திலேயே செய்யலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது. மூன்றாவது கியரைப் போட்டு, எஞ்சினை 2,000 சுற்றுக்குக் கொண்டுபோய், கிளட்ச் பெடலைச் சீராக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி உடனே அணைந்துவிடும். பெடலை முழுதாக விட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல் உறுதி. அந்தக் கணமே பெடலை மிதித்துவிட வேண்டும். இதை ஒருமுறைக்கு மேல் செய்வது தேய்ந்த பிளேட்டை இன்னும் எரிப்பதாகும்.

ஸ்கேல் சொல்லும் செய்தி

கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் முதலில் பார்க்க வேண்டியது பெடலின் 'ஃப்ரீ பிளே'. பெடலை விரலால் மெல்ல அழுத்தினால் தொடக்கத்தில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கொஞ்சம் இறங்கும். பிறகுதான் கனம் தெரியும். அந்தக் கனமற்ற தூரமே ஃப்ரீ பிளே. பல சிறிய கார்களில் இது 10 முதல் 25 மி.மீ. வரை இருக்க வேண்டும். துல்லியமான அளவு அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஸ்கேலை நிறுத்திவைத்து அளக்கலாம்.

பிளேட் தேயத் தேய இந்தத் தூரம் குறையும் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். பிளேட் மெலிந்தால், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் பக்கமாக நகர்கிறது. அதன் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கம், அதாவது பெடலை மிதிக்கும்போது அவற்றை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி எழும்புகின்றன. இடைவெளி முழுதும் மறைந்ததும், யாரும் பெடலைத் தொடாதபோதே பேரிங் அந்த விரல்களை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். கிளட்ச் எந்நேரமும் பாதி மிதித்த நிலையிலேயே ஓடும். அதனால் வழுக்கும்; வழுக்குவதால் சூடாகும்; சூட்டால் இன்னும் வேகமாகத் தேயும். பிளேட்டில் நிறைய ஆயுள் மிச்சமிருக்கும்போதே இப்படி அநியாயமாகக் கருகிப்போகும் கிளட்சுகள் உண்டு.

தீர்வு எளிது. பானெட்டைத் திறந்தால் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் கேபிள் வந்து ரிலீஸ் லிவரில் சேரும் இடம் தெரியும். கேபிளின் முனையில் மறையும், அதில் அட்ஜஸ்ட் நட்டும் பெரும்பாலான கார்களில் லாக் நட்டும் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டைக் கேபிள் தளரும் திசையில் அரைச் சுற்று திருப்பி, பெடலைப் பலமுறை மிதித்து விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். சரியான அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் வேலை முடிந்தது. கேபிள் முழுதும் தளர்ந்த பிறகும் ஃப்ரீ பிளே வரவில்லை என்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. கேபிளின் உள்கம்பி பிரிந்தோ துருப்பிடித்தோ உறையில் சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறி வரும். அப்போது மாற்ற வேண்டியது கேபிளை மட்டும்தான்.

ஹைட்ராலிக் கிளட்சில் பொதுவாக அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் திரும்பிவரும் சிறு துளை அழுக்கால் அடைத்துக்கொண்டால், பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் தேங்கிவிடும். வழுக்கும் நேரத்தில் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளை ஒரு கணம் தளர்த்தினால், தேங்கிய ஆயில் பீறிட்டு வெளியேறி வழுக்கல் நின்றுவிடும். அப்படி நின்றால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர், பிளேட் நிரபராதி. நிப்பிளை இறுக்கிய பின் காற்றை வெளியேற்றி ஆயில் அளவைச் சரிசெய்ய வேண்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எண்ணெய் பட்ட பிளேட்

அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தும் வழுக்கினால், அடுத்துப் பார்க்க வேண்டியது எண்ணெய்க் கசிவு. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஈரம் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் போயிருந்தால் அங்கே வருவது எஞ்சின் ஆயில். கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருந்தால் கியர் ஆயில். விரலில் தொட்டு முகர்ந்தாலே வேறுபாடு தெரியும்: கியர் ஆயிலில் கந்தகத்தின் காட்டமான நெடி இருக்கும். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டினால் சில நாள் ஓடலாம், நிலைக்காது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினாலும் அதே கதிதான்.

பிளேட் மாற்றும் வேலை வீட்டில் செய்யக்கூடியதா என்பதற்கு நேர்மையான பதில்: பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சிறிய காரின் கியர் பாக்ஸே 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதைப் படுத்தபடி இறக்குவதும் ஏற்றுவதும் ஜாக் ஸ்டாண்டும் துணைக்கு ஒரு ஆளும் அனுபவமும் கேட்கும் வேலை. ஆனால் அந்த வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க எல்லோராலும் முடியும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதே மிச்சம். பேரிங்குக்காக மறுபடி கியர் பாக்ஸை இறக்கினால் கூலி இரட்டிப்பாகும். ஃபிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளோ வெடிப்புகளோ ரிவெட் கீறிய பள்ளங்களோ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். புதிய பிளேட்டை மையத்தில் நிறுத்த அலைன்மென்ட் கருவி வேண்டும். பிரஷர் பிளேட் போல்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சால் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கிரீஸ் பட்ட கையால் பிளேட்டின் முகத்தைத் தொடவே கூடாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வண்டிக்காரரின் உரிமை. ரிவெட் வரை தேய்ந்த பிளேட், எண்ணெய் ஊறிய பிளேட், சூட்டில் பளபளவென்று மினுங்கும் பிளேட் மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களைச் சொல்பவை.

அந்தக் காரணங்களில் ஒன்று ஓட்டும் பழக்கம். சிக்னலில் பெடல் மேல் காலை வைத்தே இருப்பதும், மேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்தாமல் ஆஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திவைப்பதும் பிளேட்டைத் தின்றுவிடும். ஒரே மாடல் காரில் ஒருவருக்கு 30,000 கி.மீ.யில் போகும் கிளட்ச் இன்னொருவருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவது இதனால்தான்.

ஏஎம்டி கார்கள்

2014-ல் மாருதி சுசூகி செலெரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, உண்மையில் மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் இயந்திரக் கைகளின் வேலை, அவ்வளவே. எனவே ஏஎம்டி வழுக்கினால் பார்க்க வேண்டியதும் அதே கிளட்ச் பிளேட். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தினால், மேனுவல் காரில் கருகுவதுபோலவே இதிலும் கருகும். பெடல் இல்லாததால் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு. ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள மாடல்களில் அதற்கென்று தனி ஆயில் தொட்டி இருக்கும்; அளவு குறைந்தால் கிளட்ச் இயக்கமும் கியர் மாற்றமும் தடுமாறும். பிளேட் மாற்றிய பிறகு, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் மூலம் புதிதாகக் கற்பிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் கொடுத்தால் புது கிளட்சும் உதறும், வழுக்கும்.

ஆட்டோமேட்டிக்: ஆயிலே எல்லாம்

டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஆட்டோமேட்டிக்கில் ஏடிஎஃப் எனப்படும் ஆயில் வெறும் மசகு அன்று. எஞ்சினின் விசையைக் கடத்துவது அது. கிளட்ச் அடுக்குகளை அழுத்திப் பிடிப்பது அதன் அழுத்தம். சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அதுவே. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்சுகள் வழுக்கும். வளைவில் திரும்பும்போதோ, காலையில் முதல் கியர் போடும்போதோ மட்டும் வழுக்கினால் முதலில் ஆயில் குறைவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான கார்களில் ஆயிலைப் பார்க்கும் முறை இது: வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லிவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி வைத்து, மீண்டும் பார்க் நிலைக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். பல ஹோண்டா கார்களில் எஞ்சினை அணைத்த பிறகு பார்க்க வேண்டும். ஆகவே கையேட்டைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களில், வண்டியை நான்கு பக்கமும் மட்டமாக உயர்த்தி, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அடியிலுள்ள பிளக்கைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். இதை லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது நல்லது.

டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விட்டால் கியர் பாக்ஸின் உடல்நிலை தெரியும். சிவந்து தெளிவாகப் பரவினால் நலம். பழுப்பாக இருந்தால் மாற்ற வேண்டிய காலம். கறுத்து, கருகிய வாடையோடு, நடுவில் பொடி தங்கினால் கிளட்ச் அடுக்குகள் எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க் போலக் கலங்கி இருந்தால் ஆயிலில் தண்ணீரோ ரேடியேட்டர் கூலன்டோ கலந்துவிட்டது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

அளவு குறைந்திருந்தால், கையேட்டில் சொன்ன அதே வகை ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். டெக்ஸ்ரான், டொயோட்டா டபிள்யூஎஸ், சிவிடிக்கென்றே உள்ள ஆயில்கள் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு உராய்வுத் தன்மைக்காகச் செய்யப்பட்டவை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் ஆயில் நுரைத்து மீண்டும் வழுக்கும். எங்கே கசிந்தது என்பதையும் தேட வேண்டும்: கியர் பாக்ஸ் மூடிய அமைப்பு, ஆயில் எரிந்து தீர்வதில்லை, கசிந்தால்தான் குறையும்.

கம்ப்யூட்டர் சொல்வது

அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தே கட்டாயமான ஓபிடி-2 சாக்கெட், இன்றைய பிஎஸ்-6 கார்கள் அனைத்திலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. விலை குறைந்த புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி மொபைலில் குறியீடுகளைப் படிக்கலாம். பி0700 என்றால் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைப் பதிவுசெய்திருக்கிறது என்ற பொது அறிவிப்பு மட்டுமே. பி0730 தவறான கியர் விகிதம். பி0731-லிருந்து வரும் எண்கள் எந்தக் கியர் என்று சுட்டுபவை. பி0741 டார்க் கன்வெர்ட்டரின் லாக்அப் கிளட்ச் பிடிக்கவில்லை என்பது. பி0218 கியர் பாக்ஸ் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பது. ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அந்தக் கியருக்கான கிளட்சோ, ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டு வால்வோ காரணமாகலாம். எல்லாக் கியர்களிலும் வழுக்கினால் ஆயில், ஃபில்டர், பம்ப் என்று பொதுவான இடத்தில் தேட வேண்டும். குறியீட்டை எழுதி வைத்துக்கொண்ட பிறகே அழிக்க வேண்டும்; அது அடுத்துப் பார்க்கப்போகும் மெக்கானிக்குக்குத் தேவைப்படும் சாட்சியம்.

பழுப்பேறிய ஆயிலை மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய கடைசி வேலை. அடித்தட்டு உள்ள மாடல்களில் ஆயிலை வடித்துத் தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் களிம்பு படிந்திருப்பது இயல்பு; விரலில் குத்தும் உலோகத் துண்டுகள் இருந்தால் ஆயில் மாற்றம் எதையும் காப்பாற்றாது. ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் புதிதாக மாட்டி, வடிந்த அளவை அளந்து அதே அளவு ஊற்ற வேண்டும். ஆயிலில் கணிசமான பகுதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும் என்பதால், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து மாற்றுவது வழக்கம். ஏற்கெனவே எரிந்துபோன கிளட்சுகளைப் புது ஆயிலோ, வழுக்கலை நிறுத்துவதாக விற்கப்படும் பாட்டில் மருந்துகளோ மீட்பதில்லை. சிவிடியில் பெல்ட் உண்மையிலேயே வழுக்கத் தொடங்கிவிட்டால் கப்பியின் முகமே கீறிப்போகும். இரட்டைக் கிளட்ச் வகைகளில் தனிச் சிறப்புக் கருவிகள் வேண்டும். இந்த இரண்டிலும் ஆயிலையும் குறியீட்டையும் பார்ப்பதோடு வீட்டு வேலை முடிகிறது.

வெள்ளமும் பாதுகாப்பும்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. கியர் பாக்ஸின் மேலே காற்றுப் போக்குக்காக ஒரு சிறு துளை உண்டு. தண்ணீர் அதற்கு மேல் நின்றால் உள்ளே இறங்கும். வெள்ளத்தில் நின்ற காரை ஓட்டிப் பார்க்கும் முன் கியர் ஆயிலையோ ஏடிஎஃப்-ஐயோ காகிதத்தில் சொட்டிப் பார்ப்பது அவசியம். ஆட்டோமேட்டிக் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் படலம் பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் ஊறினால் உரிந்துவிடும். ஓடாத ஆட்டோமேட்டிக் காரை, எஞ்சின் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துச் செல்வதும் கியர் பாக்ஸைக் கெடுக்கும்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். டயர் மாற்றும் ஜாக்கை நம்பியோ, செங்கல் அடுக்கியோ ஒருபோதும் அடியில் போகக் கூடாது. ஓடி நின்ற வண்டியின் ஆயில் கையைச் சுட்டுவிடும். வடித்த பழைய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும்.

தகவல் யாருக்குச் சொந்தம்?

மேலே சொன்ன ஒவ்வொரு சோதனைக்கும் சில தகவல்கள் அடிப்படை: ஃப்ரீ பிளே எத்தனை மில்லிமீட்டர், எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்தச் சூட்டில் அளப்பது. இவை காரை வாங்கியவரின் கையில் இருக்க வேண்டியவை. ஆனால் பல கையேடுகள் இந்த இடத்தில் 'டீலரை அணுகவும்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. சில நிறுவனங்கள் ஆட்டோமேட்டிக் ஆயிலை 'ஆயுள் முழுமைக்குமானது' என்கின்றன. அதே வகை கியர் பாக்ஸ்களைத் தயாரித்துத் தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுகளில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஆயுள் என்பது காரின் ஆயுளா, வாரன்டியின் ஆயுளா என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்.

தகவல் ஒரு பக்கம் மட்டுமே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் கொண்ட கார்கள் உதறுவதாகப் புகார் செய்தவர்களிடம், ஓட்டும் முறைதான் காரணம் என்று ஃபோர்டு தரப்பில் சொல்லப்பட்டது. கியர் பாக்ஸில் தரக் குறைபாடு இருப்பதை நிறுவனம் அறிந்திருந்தது. 2018-ல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சுற்று எண்ணும் குறியீடும் ஆயிலின் நிலையும் எழுதிவைத்த ஒரு தாள் கையில் இருக்கும் வாடிக்கையாளரை அவ்வளவு எளிதாகத் திருப்பி அனுப்ப முடியாது.

இந்தியாவிலும் இந்தப் பிரச்சினை புதிதன்று. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. அவற்றைச் சுயேச்சையான மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யுமாறும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, ஆண்டின் இறுதியில் இணையதளமும் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் நிறுவனங்கள் விரும்பினால் தரலாம் என்ற நிலை போதாது. ஆயில் வகை, அளவு, அளக்கும் முறை, கிளட்ச் தேய்மான வரம்பு, கோளாறுக் குறியீடுகளின் பொருள் ஆகியவை தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் ஒவ்வொரு காரோடும் வர வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். சுயேச்சையான ஒர்க்‌ஷாப்புகளுக்கு ஸ்கேனர் மென்பொருள் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். கழற்றிய பாகங்களைக் காட்டுவதும், என்ன சோதனை செய்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதைப் பில்லில் எழுதுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

விதி வரும்வரை வண்டிக்காரரின் வேலை நிற்க வேண்டியதில்லை. உண்மையிலேயே வழுக்கலா என்று உறுதிசெய்வது, பெடலை அளப்பது, கசிவைத் தேடுவது, ஆயிலைக் காகிதத்தில் சொட்டிப் பார்ப்பது, குறியீட்டை எழுதிவைப்பது ஆகிய ஐந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். அதன் பிறகும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றால், ஏன் இறக்குகிறோம் என்று தெரிந்தே இறக்கலாம்.